பச்சைப் படலத்தின் நடுவே வட்ட வட்டமாகக் கோடுகள்: டிராம்சோவில் இன்னும் இரண்டு இரவுகள்தான் மிச்சம்

தூக்கணாங்குருவி | மார்ச் 14, காலை 10.20

வணக்கம். வடக்கு நார்வேயில் டிராம்சோவிலிருந்து எழுதுகிறேன். நேற்று இரவு முதல் முறையாகத் துருவ ஒளியைப் பார்த்தேன். ஒன்பதரை மணிக்கு ஆரம்பித்து நள்ளிரவு வரை விட்டுவிட்டு வந்தது. ஏறக்குறைய நானூறு படங்கள் எடுத்துத் தள்ளினேன். கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே அற்புதமாகத் தெரிந்தன. அறைக்கு வந்து கணினியில் திறந்ததும்தான் வயிறு எரிந்தது.

முதல் சிக்கல், படத்தின் நட்டநடுவில் குளத்தில் கல் எறிந்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டக் கோடுகள். ஒளி பிரகாசமாக இருந்த படங்களில்தான் அதிகம். அடுத்து, நட்சத்திரங்கள் புள்ளிகளாக இல்லை. நகக்கீறல்போல் நீண்டு, கூடவே பஞ்சுபோல் மங்கியும் இருக்கின்றன. எல்லாவற்றையும்விட வருத்தம், நேரில் திரைச்சீலை மடிப்பு மடிப்பாக ஆடியது. படத்திலோ சாயம் கொட்டிய துணிபோல் ஒரே பச்சை அப்பல்.

கேமரா 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம், லென்ஸ் 20 மி.மீ. எஃப் 1.8. இணையத்தில் கிடைத்த ஒரு பட்டியலை அச்செடுத்துக்கொண்டு போயிருந்தேன்: எஃப் 2.8 (லென்ஸின் திறப்பு), 25 வினாடி (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்), ஐஎஸ்ஓ 3200 (சென்சாரின் ஒளி உணர்திறன்), ஃபோகஸ் வளையத்தை முடிவிலிக் குறியில் வை. அட்சரம் பிசகாமல் அப்படியே செய்தேன். இன்னும் இரண்டு இரவுகள் இருக்கின்றன. எங்கே கோட்டை விட்டேன்?

---

வெள்ளிக்கீற்று | காலை 10.41

லென்ஸின் முன்னால் ஃபில்டர் எதுவும் மாட்டியிருக்கிறீர்களா?

---

தூக்கணாங்குருவி | காலை 10.44

யூவி ஃபில்டர் இருக்கிறது. லென்ஸ் வாங்கிய அன்று மாட்டியது, கழற்றியதே இல்லை. நல்ல தரமான கண்ணாடிதான்.

---

வெள்ளிக்கீற்று | காலை 11.05

அதுதான் குற்றவாளி. தரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விலை உயர்ந்த ஃபில்டரிலும் வரும். துருவ ஒளியின் பச்சை, ஆக்சிஜன் அணுக்கள் உமிழ்வது. ஏறத்தாழ முழுவதும் 557.7 நானோமீட்டர் என்ற ஒரே அலைநீளத்தில் வருகிறது. ஃபில்டர் என்பது இணையான இரண்டு தட்டை முகங்கள் கொண்ட கண்ணாடி. அந்த முகங்களுக்கு இடையில் ஒளி முன்னும் பின்னும் எதிரொளித்துத் தன்னோடு தானே மோதிக் குறுக்கீடு செய்கிறது. பகல் வெளிச்சத்திலும் இதே மோதல் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் அதில் எல்லா நிறங்களும் கலந்திருப்பதால் ஒவ்வொரு நிறத்தின் வட்டமும் வேறோர் இடத்தில் விழுந்து ஒன்றையொன்று அழித்துவிடும். ஒற்றை நிறம் வரும்போது அழிக்க ஆள் இல்லை, வட்டங்கள் அப்படியே பதிவாகின்றன. ஒளி பிரகாசமான படங்களில் அதிகம் என்று நீங்களே சொன்னதற்கும் காரணம் அதுதான்.

கழற்றிப் பெட்டியில் வையுங்கள், இன்று இரவு வட்டங்கள் இருக்காது. எடுத்த படங்களில் இருப்பதை நீக்குவது பெரும்பாடு. நான் ஒரே ஒரு படத்துக்காக ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன், இன்னொரு முறை செய்யமாட்டேன்.

குளிரில் ஃபில்டர் திருகு இறுகிக் கழலாமல் அடம்பிடிக்கும். வெளியே போய் முயலாமல் அறையிலேயே கழற்றிவிடுங்கள்.

---

பழையலென்ஸ் | மதியம் 12.30

தம்பி, வட்டத்தை வெள்ளிக்கீற்று தீர்த்துவிட்டார். நான் அந்தப் பச்சை அப்பலைப் பற்றிப் பேசுகிறேன். உங்கள் பட்டியலில் எனக்குப் பிடிக்காத எண் 25.

துருவ ஒளி நிலையான பொருள் அல்ல. ஒரே இரவில் அதற்கு நான்கைந்து முகங்கள் உண்டு. முன்னிரவில் வடக்கே தாழ்வாக அசையாத ஒரு வில்லாக நிற்கும். அப்போது எட்டு, பத்து வினாடி கொடுத்தாலும் குற்றமில்லை. பிறகு அந்த வில் மேலே ஏறி, நெளிந்து, செங்குத்துக் கதிர்களாகப் பிரியும். அப்போது மூன்று, நான்கு வினாடி. திடீரென்று வானம் முழுக்க வெடித்துச் சிதறி, கீழ் விளிம்பில் இளஞ்சிவப்பு ஓடும். அந்தச் சில நிமிடங்களுக்கு ஒரு வினாடியே அதிகம், அரை வினாடிக்கு இறங்கலாம். எல்லாம் அடங்கிப் பின்னிரவில் மேகத் திட்டுகள்போல் அணைந்து அணைந்து எரியும் ஒளி வரும். பலர் அதை மேகம் என்று நினைத்து முக்காலியை மடக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஆடுகிற திரைச்சீலையை 25 வினாடி திறந்துவைத்து எடுத்தால் என்ன கிடைக்கும்? அது 25 வினாடியில் தொட்ட இடங்களின் கூட்டுத்தொகை கிடைக்கும். மடிப்பு ஒவ்வொன்றும் பக்கத்து மடிப்பின் மேல் படிந்து, ஒரே சாந்தாகிவிடும். நேற்று நீங்கள் பார்த்ததும் கேமரா பதிந்ததும் வேறு வேறாகிப் போனது அதனால்தான்.

ஆகவே ஷட்டர் நேரத்தை வானம் சொல்லட்டும். லென்ஸை எஃப் 2-க்குத் திறந்துகொள்ளுங்கள். 1.8-இல் வைத்தால் மூலைகளில் நட்சத்திரங்களுக்குச் சிறகு முளைக்கும்; சற்றே மூடினால் குறையும். ஐஎஸ்ஓ 3200-இலேயே இருக்கட்டும். நேரத்தை மட்டும் ஒன்றுக்கும் எட்டுக்கும் நடுவே ஏற்றி இறக்குங்கள். அந்த அச்செடுத்த தாளை அறையிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

---

கணக்குப்பிள்ளை | மதியம் 1.15

நட்சத்திரக் கீறலுக்கு நான் பொறுப்பு.

அந்தப் பட்டியலின் 25 எங்கிருந்து வந்தது தெரியுமா? 500-ஐ லென்ஸின் குவியத் தொலைவால் வகு என்பது பழைய விதி. 500-ஐ 20-ஆல் வகுத்தால் 25. ஃபிலிம் காலத்துப் பழக்கம் அது, இன்றைய சென்சாருக்குப் போதாது. பூமி சுழல்வதால் வானநடுவரையின் (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கற்பனைக் கோடு) அருகிலுள்ள நட்சத்திரம் வினாடிக்கு 15 கோணவினாடி (ஒரு பாகையை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு கோணவினாடி) நகர்கிறது. 25 வினாடியில் 375 கோணவினாடி. 20 மி.மீ. லென்ஸில் அது சென்சார் மீது 36 மைக்ரான். உங்கள் சென்சாரின் பிக்சல் ஒன்று ஏறக்குறைய 6 மைக்ரான். ஆக நட்சத்திரம் ஆறு பிக்சல் நீளத்துக்கு இழுபட்டிருக்கிறது. நீங்கள் சொன்ன நகக்கீறல் அதுதான்.

அபெர்ச்சரையும் (லென்ஸ் திறப்பின் எஃப் எண்) பிக்சல் அளவையும் சேர்த்துக்கொள்ளும் என்பிஎஃப் விதி ஒன்று இருக்கிறது. அபெர்ச்சர் எண்ணை 35-ஆல் பெருக்கி, பிக்சலின் மைக்ரான் அளவை 30-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டிக் குவியத் தொலைவால் வகுக்க வேண்டும். எஃப் 2-இல் உங்களுக்கு 70-உம் 180-உம் சேர்ந்து 250. 20-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை வினாடி. துருவ ஒளிக்கு நீங்கள் எப்படியும் எட்டு வினாடியைத் தாண்டப்போவதில்லை என்பதால் நட்சத்திரம் தானாகவே புள்ளியாகிவிடும்.

இன்னொன்று. துருவ நட்சத்திரத்தை நெருங்க நெருங்க நகர்வு குறையும். நீங்கள் இருக்கும் அட்சரேகையில் துருவ நட்சத்திரம் 70 பாகை உயரத்தில், ஏறக்குறைய உச்சந்தலைக்கு அருகில் நிற்கிறது. தெற்கு நோக்கி எடுக்கும் படங்களில்தான் கீறல் அதிகம் இருக்கும். நேற்றைய படங்களில் சரிபார்த்துச் சொல்லுங்கள், கணக்கு சரியா என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை.

---

தூக்கணாங்குருவி | மதியம் 1.52

சரிபார்த்தேன். தென்மேற்கே மிருகசீரிடம் தாழ்வாக இருந்த படத்தில் கோடுகள் நீளம். உச்சியில் சப்தரிஷி மண்டலம் இருக்கும் படத்தில் பாதி நீளம்தான். கணக்குப்பிள்ளைக்கு ஒரு கும்பிடு.

இன்னொரு கேள்வி. இன்று கேபி எண் (பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று சொல்லும் அளவு) 2 என்று செயலி காட்டுகிறது. 5 வந்தால்தான் வெளியே போகவேண்டும் என்று பட்டியலில் இருக்கிறது. போகலாமா வேண்டாமா?

---

பனிப்பாதம் | மதியம் 2.30

அந்தப் பட்டியலை எழுதியவர் டிராம்சோவில் கால் வைத்திருக்க மாட்டார். போங்கள்!

நான் வடக்கு ஸ்வீடனில் கிருனாவில் ஆறு குளிர்காலங்கள் இருந்தேன். டிராம்சோ, கிருனா, அபிஸ்கோ எல்லாமே துருவ ஒளி வளையத்துக்கு (காந்தத் துருவத்தைச் சுற்றி ஒளி தோன்றும் பட்டை) நேர் கீழே இருக்கும் ஊர்கள். கேபி 1, 2 என்றாலே நமக்கு மேலே நடக்கும். கேபி ஏறுகிறது என்றால் வளையம் தெற்கே விரிகிறது என்று அர்த்தம். தெற்கே இருப்பவர்களுக்குத்தான் 5-உம் 6-உம் தேவை. அது போக, கேபி மூன்று மணி நேரத்துக்கான ஒற்றை எண். துருவ ஒளியின் உச்சக்கட்டமோ சில நேரம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மாதாந்திரச் சராசரியைப் பார்த்து இன்று குடை எடுப்பதா என்று முடிவு செய்வதுபோல்தான் இதுவும்.

எண்தான் வேண்டும் என்றால் பிஇசட் மதிப்பைப் பாருங்கள். சூரியக் காற்றோடு வரும் காந்தப்புலம் வடக்கு நோக்கியா, தெற்கு நோக்கியா என்பதை அது சொல்லும். எதிர்க்குறியில் இறங்கி அரைமணி நேரம் அங்கேயே நின்றால் கையுறையை மாட்டிக்கொள்ளலாம். அந்த அளவீடு பூமியிலிருந்து சூரியன் பக்கமாகச் சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் விண்கலங்களிலிருந்து வருகிறது. அங்கே அளந்த காற்று இங்கே வந்து சேர வழக்கமாக முப்பது முதல் அறுபது நிமிடம் ஆகும். அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கும் முன்னறிவிப்பு.

உண்மையில் நீங்கள் பயப்பட வேண்டியது மேகத்துக்கு. கடலோரம் மூடியிருந்தால் உள்நாட்டுப் பக்கம் போங்கள். ஷிபோட்ன் பள்ளத்தாக்கு மழைமறைவுப் பகுதி, டிராம்சோ மூடியிருக்கும் நாளிலும் அங்கே திறந்திருக்க வாய்ப்புண்டு. அங்கும் இல்லையென்றால் எல்லை தாண்டி ஃபின்லாந்தில் கில்பிஸ்யார்வி. சாலை ஓரத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள். பனியில் சாலையின் விளிம்பு எங்கே முடிகிறது என்றே தெரியாது. வண்டி நிறுத்தும் இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

குளிரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உதிரி பேட்டரியை உள்சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி வையுங்கள். குளிரில் செத்ததாகக் காட்டும் பேட்டரி சூடு பட்டால் மறுபடி கொஞ்ச நேரம் உழைக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முக்காலியைப் பனிமேல் வைத்தவுடன் படம் எடுக்கக் கூடாது. கால்களை அழுத்தி இறக்கி, இனி இறங்காது என்று தெரிந்த பிறகுதான். இல்லையென்றால் எக்ஸ்போஷர் நடக்கும்போதே மெல்ல அமிழும். கேமராவின் பின்னால் குனிந்து மூச்சு விடாதீர்கள், திரையில் பனிப்படலம் கட்டிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: திரும்பி வரும்போது கேமராவை அப்படியே சூடான அறைக்குள் கொண்டுவரக் கூடாது. வெளியிலேயே காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக மூடிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். அறையின் ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும், கேமராவின் மேல் படியாது. இரண்டு மூன்று மணி நேரம் பையைத் தொடக் கூடாது. பையில் போடும் முன்பே மெமரி கார்டைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் பத்தாவது நிமிடம் படம் பார்க்கும் ஆசையில் பையைத் திறந்துவிடுவீர்கள். நான் திறந்திருக்கிறேன்.

---

தூக்கணாங்குருவி | மதியம் 2.41

அக்கா, நேற்று நேராக அறைக்குள் கொண்டுவந்து ஹீட்டர் பக்கத்திலேயே வைத்தேன். லென்ஸ் குளியலறைக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. இப்போது காய்ந்துவிட்டது. இனி பைதான்.

---

சாம்பல்வானம் | மாலை 4.10

உற்சாகத்தைக் கெடுப்பதற்கு மன்னியுங்கள். நான் ஐஸ்லாந்து போய் நான்கு இரவு விழித்திருந்தேன். என் கண்ணுக்குத் தெரிந்தது சாம்பல் நிற மேகப் பட்டை. பக்கத்தில் நின்றவரின் கேமராவில் அதே பட்டை பச்சைப்பசேலென்று இருந்தது. இணையத்தில் வரும் படங்கள் எல்லாம் கேமராவும் மென்பொருளும் சேர்ந்து செய்த அலங்காரம் என்பது என் கருத்து. அதை நம்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

---

வெள்ளிக்கீற்று | மாலை 4.35

நீங்கள் பார்த்தது உண்மை, எடுத்த முடிவு தவறு. இருட்டில் நம் கண்ணில் வேலை செய்வது பெரும்பாலும் கோல் செல்கள். அவற்றுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. நிறம் காட்டும் கூம்பு செல்களுக்கு ஓரளவு வெளிச்சம் வேண்டும். ஆகவே மங்கலான ஒளி சாம்பலாகத் தெரியும். அது பிரகாசமானதும் பச்சை கண்ணுக்கே தெரியும், பலமாக வந்தால் கீழ் விளிம்பின் இளஞ்சிவப்பும் தெரியும். உங்களுக்கு வாய்த்த நான்கு இரவும் மங்கலானவை. கண் இருளுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு முறை கைபேசியைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. சிவப்பு விளக்குள்ள தலைவிளக்கைக் கட்டச் சொல்வது அதனால்தான்.

---

சாம்பல்வானம் | மாலை 4.50

அப்படியென்றால் சாம்பலைப் பச்சையாகக் காட்டும் படம் பொய் இல்லையா?

---

பழையலென்ஸ் | மாலை 5.40

பச்சை அங்கே இருந்தது, நம் கண்ணுக்குத்தான் எட்டவில்லை. 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் பச்சையை உமிழ்கிறது. அதே ஆக்சிஜன் 200 கிலோமீட்டருக்கு மேலே 630 நானோமீட்டரில் சிவப்பை உமிழ்கிறது. அந்தச் சிவப்பை உமிழ ஓர் அணுவுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் வேண்டும். அதற்குள் இன்னோர் அணு வந்து இடித்துவிட்டால் ஆற்றல் போய்விடும், ஒளி வராது. காற்று மிக மெலிந்த உயரத்தில் மட்டும் சிவப்பு இருப்பது அதனால்தான். இருட்டில் நம் கண்ணுக்கு மிகவும் எட்டாத நிறமும் அதுவே. கேமராவுக்கு அந்தக் குறை இல்லை.

2024 மே 10, 11 தேதிகளில் வந்த பெரும் காந்தப் புயல் நினைவிருக்கும். 2003 அக்டோபருக்குப் பிறகு வந்த முதல் ஜி5, அதாவது உச்ச வகுப்புப் புயல், அது. அன்று லடாக்கின் ஹன்லேயில் இருக்கும் வானாய்வகத்துக் கேமராக்களில் அடிவானத்துக்கு மேலே செந்நிறம் பதிவானது. அவ்வளவு தெற்கிலிருந்து பார்க்கும்போது பூமியின் வளைவு கீழ்ப்பகுதிப் பச்சையை மறைத்துவிடும், உயரத்திலுள்ள சிவப்பு மட்டும் எட்டிப்பார்க்கும். அதைப் பொய் என்பீர்களா?

ஆனால் சாம்பல்வானம் சொல்வதில் ஒரு பாதியை ஒப்புக்கொள்கிறேன். 557.7 என்பது சற்றே மஞ்சள் தட்டிய பச்சை. இன்று வரும் படங்களில் பாதி மயில்கழுத்து நிறத்துக்குத் தள்ளப்பட்டிருக்கின்றன. வண்ணச் செறிவை இழுத்து இழுத்து ஊதாவை வரவழைக்கிறார்கள். நான் படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் வெள்ளைச் சமநிலையை 4000 கெல்வினில் பூட்டிவிடுவேன். ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாமல் பதியும் கோப்பு) பிறகு மாற்றலாம்தான், ஆனால் இரவு முழுக்க ஒரே எண் இருந்தால் ஒரு படத்தை இன்னொன்றோடு நேர்மையாக ஒப்பிட முடியும். செறிவுப் பட்டையை நான் தொடுவதில்லை.

---

நீலாம்பல் | மாலை 6.05

தொடுவதில்லை என்பதையெல்லாம் கொடிபிடிக்க வேண்டியதில்லை ஐயா. ரா கோப்பு என்பது வேகாத பண்டம், ஏதோ ஒரு கை பட்டுத்தான் படமாகிறது. நான் செறிவைக் கூட்டுகிறேன், கூட்டியதாகச் சொல்லியும் விடுகிறேன். என் கோபம் வேறு இடத்தில்: ஒரு நாட்டில் எடுத்த மலைமேல் இன்னொரு நாட்டு வானத்தை ஒட்டுகிறவர்கள் மீது. போன வருடம் ஒரு படம் எல்லோராலும் பகிரப்பட்டது. வடதுருவ ஒளிக்குப் பின்னால் பால்வெளியின் மையம், தனுசு ராசிப் பக்கத்தின் அடர்த்தியான பகுதி, ஜம்மென்று நின்றது. எடுத்த இடம் வடக்கு நார்வேயின் லோஃபோட்டன் தீவுகள் என்று குறிப்பு!

---

கணக்குப்பிள்ளை | மாலை 6.20

பால்வெளி மையம் வானநடுவரைக்கு 29 பாகை தெற்கே இருக்கிறது. லோஃபோட்டன் 68 பாகை வடக்கு. 90-இலிருந்து 68 போனால் 22. அதிலிருந்து 29 போனால் எதிர்க்குறி 7. அடிவானத்துக்குக் கீழே ஏழு பாகை. தரையைத் தோண்டித்தான் எடுத்திருக்க வேண்டும்.

அந்தச் சேர்க்கை உண்மையிலேயே வேண்டும் என்றால் தென்துருவ ஒளியைத் தேடி டாஸ்மேனியாவுக்கோ நியூசிலாந்தின் தென்தீவுக்கோ போகலாம். அங்கே மையம் தலைக்கு மேலேயே ஏறும். வடக்கே கிடைப்பது குளிர்காலப் பால்வெளி. காசியோபியா, பெர்சியஸ் வழியாக ஓடும் மெல்லிய பகுதி. அதுவும் அழகுதான், ஒளி அடங்கியிருக்கும்போது எடுக்கலாம்.

---

பழையலென்ஸ் | இரவு 8.15

நட்சத்திரம் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு பழைய கதை. துருவ ஒளியை முதன்முதலில் புகைப்படமாகப் பிடித்தது 1892-இல், வடக்கு நார்வேயின் போஸ்ஸெகோப்பில், மார்ட்டின் பிரெண்டெல் என்ற ஜெர்மானியர். அதே ஊருக்கு 1910-இல் போனார் நார்வேக் கணிதர் கார்ல் ஸ்டோர்மர். அவருக்கு அழகான படம் வேண்டியிருக்கவில்லை. துருவ ஒளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரியவேண்டும்.

பல கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கேமராக்கள், நடுவே தொலைபேசிக் கம்பி. ஒருவர் சொல்ல இருவரும் ஒரே கணத்தில் ஷட்டரைத் திறப்பார்கள். இரண்டு படத்திலும் அதே நட்சத்திரங்கள் இருக்கும், ஆனால் ஒளித்திரை நட்சத்திரங்களுக்கு எதிரே சற்று இடம் மாறித் தெரியும். கட்டைவிரலை நீட்டி ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடினால் விரல் தாவுகிறதே, அதேதான். அந்தத் தாவலை அளந்து உயரத்தைக் கணக்கிட்டார். கீழ் விளிம்பு ஏறக்குறைய 100 கிலோமீட்டரில் நிற்கிறது என்பது இப்படித்தான் உறுதியானது. நட்சத்திரம் கீறலாக இருந்தால் அந்த அளவீடு நடந்திருக்காது. அதனால்தான் தம்பி, புள்ளி புள்ளியாக இருக்கட்டும் என்று படுத்துகிறோம்.

---

தூக்கணாங்குருவி | மார்ச் 15, காலை 9.30

இரண்டாம் இரவு: மேகம். டிராம்சோ முழுக்க மூடியிருந்தது. பனிப்பாதம் அக்கா சொன்னபடி ஷிபோட்ன் போனேன், காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அங்கே அவ்வப்போது கிணறுபோல் ஒரு திறப்பு வந்தது, நட்சத்திரங்கள் தெரிந்தன, மூடியது. துருவ ஒளி மேகத்துக்குப் பின்னால் விளக்குபோல் மங்கலாகப் பச்சை காட்டிவிட்டுப் போனது. படம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் அந்தக் கிணறுகளில் ஃபோகஸ் பழகினேன். முடிவிலிக் குறியில் வைத்தும் பார்த்தேன், நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்தும் பார்த்தேன். வளையத்தில் இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கிறது. முதல் இரவின் நானூறு படங்களும் ஃபோகஸ் இல்லாதவை என்பதை ஜீரணித்துக்கொண்டிருக்கிறேன்.

---

வெள்ளிக்கீற்று | காலை 10.00

அந்தக் குறியை நம்பிக் கெட்டவர்களுக்குச் சங்கம் வைத்தால் நான் செயலாளர்.

பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒரு நுணுக்கம். வளையத்தைத் திருப்பும்போது நட்சத்திரப் புள்ளியின் விளிம்பில் ஒரு பக்கம் ஊதா தட்டும், தாண்டினால் பச்சை தட்டும். இரண்டும் மறையும் இடத்தில் புள்ளி மிகச் சிறியதாக இருக்கும். கூடவே, அதுவரை தெரியாத மங்கலான நட்சத்திரங்கள் திரையில் முளைக்கும். அங்கே நிறுத்தி வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். இதைக் கேமரா வெளிக்குளிருக்குப் பழகிய பிறகு செய்யவேண்டும். அறையிலிருந்து எடுத்த சூட்டில் வைத்த ஃபோகஸ் அரைமணியில் நகர்ந்துவிடும். மணிக்கு ஒரு தடவை மறுபடி பாருங்கள்.

கேமராவில் நீண்ட எக்ஸ்போஷருக்கான இரைச்சல் நீக்கம் அணைந்திருக்கிறதா? அது இயங்கினால் ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் அதே அளவு நேரம் கேமரா தனக்குள் முணுமுணுத்துக்கொண்டிருக்கும், வானம் ஆடி முடித்துவிடும். முக்காலியில் இருக்கும்போது நடுக்கத் தடுப்பும் வேண்டாம். திரையின் பிரகாசத்தைக் குறைத்துவிடுங்கள். இருட்டில் எல்லாப் படமும் அற்புதமாகத்தான் தெரியும், அதை நீங்களே முதல் நாள் எழுதினீர்கள். ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) பச்சைக் கோடு வலது சுவரில் முட்டுகிறதா, அதாவது வெளிச்சம் மிஞ்சிவிட்டதா என்று மட்டும் பாருங்கள்.

---

புதுமுகம்_7 | காலை 11.20

கேமரா இல்லாதவர்கள் கைபேசியில் எடுக்கலாமா?

---

பனிப்பாதம் | காலை 11.48

எடுக்கலாம். முக்காலியில் மாட்டி, இரவு முறையில், டைமர் வைத்து. கையில் பிடித்தால் மூன்று வினாடிக்கே கை ஆடும். பெரிய அச்சுக்கு ஆகாது, நினைவுக்கு ஆகும்.

தூக்கணாங்குருவி, இன்று மாலை பிஇசட் இறங்குவதாகத் தெரிகிறது, மேகமும் விலகுகிறது. ஒன்பது மணிக்கே இடம் பிடித்துவிடுங்கள். அந்தி முழுதும் மறையாமல் இருக்கும்போதே வந்தால் கதிர்களின் மேல்நுனியில் ஊதாநீலம் கிடைக்கும். தரையில் இருட்டிவிட்டாலும் அந்த உயரத்தில் சூரிய ஒளி இன்னும் படுவதால் நைட்ரஜன் அதைச் சிதறடித்து ஒளிர்கிறது. அது நீலாம்பல் கூட்டிய செறிவு இல்லை, நிஜம்.

---

நீலாம்பல் | காலை 11.55

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் அக்கா.

---

தூக்கணாங்குருவி | மார்ச் 16, அதிகாலை 3.15

இப்போதுதான் வந்தேன். கேமரா பைக்குள் இருக்கிறது, கார்டு என் கையில்.

ஒன்பது மணிக்கு வில் வந்தது. எஃப் 2, எட்டு வினாடி. கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை, கால் விரல்கள் மரத்துப்போய்க் காரைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். பத்தேகாலுக்கு வில்லின் கிழக்கு முனை தடித்தது. நான்குக்கு இறக்கினேன். அது மேலே ஏறி வந்தபோது இரண்டு. பிறகு தலைக்கு நேர்மேலே எல்லாக் கதிர்களும் ஒரு புள்ளியிலிருந்து விரிவதுபோல் விரிந்தன, பனியெல்லாம் பச்சையாகி என் கையுறை நிழல் தரையில் விழுந்தது. பழையலென்ஸ் ஐயா சொன்ன ஒரு வினாடிக்குப் போனேன். அதிலும் இரண்டு படத்தில் பச்சைக் கோடு சுவரில் முட்டியிருக்கிறது, இன்னும் இறக்கியிருக்க வேண்டும். நடுவில் ஐந்து நிமிடம் கேமராவைத் தொடவே இல்லை. ஏன் என்று கேட்காதீர்கள், கை போகவில்லை.

வட்டங்கள் இல்லை. ஒரு படத்தை மட்டும் முழுதாகப் பெரிதாக்கிப் பார்த்தேன்: பத்து முப்பத்தெட்டு, ஒரு வினாடி. மடிப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது. இரண்டு மடிப்புகளுக்கு நடுவில் மட்டுமல்ல, மடிப்பின் ஊடாகவும் நட்சத்திரங்கள் தெரிகின்றன. ஊசிமுனைப் புள்ளிகள். பதினொன்றரைக்கு மேல் லென்ஸில் பனி கட்ட ஆரம்பித்தது. கையைச் சூடாக்கும் பொட்டலத்தை ரப்பர் பட்டையால் லென்ஸைச் சுற்றிக் கட்டினேன், விலகியது.

மொத்தம் எழுபத்திரண்டு படங்கள்தான். அந்தப் பத்து முப்பத்தெட்டை இணைத்திருக்கிறேன். வடகிழக்கே தாழ்வாக, மலைக்கு மேலே ஒற்றையாகத் தெரியும் பிரகாசமான நட்சத்திரம் பிரம்மஹிருதயம் (கபெல்லா). அதை வைத்துத்தான் ஃபோகஸ் செய்தேன்.

---

பழையலென்ஸ் | காலை 6.50

படத்தைப் பெரிதாக்கி மூன்று முறை பார்த்துவிட்டேன் தம்பி. இடது ஓரத்து மடிப்பின் அடியில் இளஞ்சிவப்பு ஒரு நூல் மாதிரி ஓடுகிறது, கவனித்தீர்களா? அதை வெட்டிவிடாதீர்கள்.

ஒரு திருத்தம். அது பிரம்மஹிருதயம் அல்ல, அபிஜித் (வேகா). பிரம்மஹிருதயம் மஞ்சள் தட்டியிருக்கும், மார்ச் இரவில் அந்த நேரத்துக்கு மேற்கே உயரத்தில் நிற்கும். உங்கள் படத்தில் இருப்பது நீலவெள்ளை.

---

தூக்கணாங்குருவி | காலை 9.05

திருத்திவிட்டேன் ஐயா. நூலையும் பார்த்துவிட்டேன். பை இன்னும் மூடித்தான் இருக்கிறது.